ஆலம் ஆரா புனே தீயிலா எரிந்தது?

நீலகிரி, கேத்தியிலிருந்து ஒரு வாசகர், 8 ஜனவரி 2023, மாலை

இன்றோடு இருபது வருடம். 2003 ஜனவரி 8 அன்று புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கிடங்கில் தீப்பிடித்து, இந்தியாவின் முதல் பேசும் படம் ஆலம் ஆரா, தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ், இன்னும் எத்தனையோ படங்கள் சாம்பலாகிவிட்டன. ஒரு தண்ணீர்த் தொட்டிகூடவா பக்கத்தில் இல்லை? நாலு வாளி ஊற்றியிருந்தால் பாதியாவது தப்பித்திருக்காதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு 9.20

கேத்தி வாசகருக்கு என் பதில்: தேதி மட்டும் சரி.

ஆலம் ஆரா அந்தத் தீயில் எரியவில்லை, எரிய அது அங்கே இருந்ததே இல்லை. காப்பகம் தொடங்கியது 1964-ல். படம் வந்தது 1931 மார்ச்சில். நடுவில் இருந்த 33 வருடத்தில் அது எப்போதோ தொலைந்துவிட்டது. காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். காளிதாஸும் அப்படித்தான், அதன் பிரதி எங்குமே கிடைக்கவில்லை. புனேயில் எரிந்தவை 607 படங்களின் 5,097 சுருள்கள். எல்லாம் நைட்ரேட், அதாவது சட்டென்று தீப்பற்றுகிற பழைய ரக ஃபிலிம். பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடம் இப்போது திரைப்படக் கல்லூரி, அந்த வளாகத்துக் கிடங்கில் இருந்தவை.

தண்ணீர் விஷயம் நாளைக்கு. இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது, வெளியே புல் எல்லாம் உறைபனி.

9 ஜனவரி, காலை

நாலு வாளி இல்லை, நாலு லாரி ஊற்றினாலும் அணையாது. நைட்ரேட் ஃபிலிம் எரிய வெளிக்காற்று தேவையில்லை, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எரிகிற சுருளைத் தண்ணீருக்குள் அமுக்கினாலும் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். புகையும் விஷம்.

இது நம் மலைக்காரர்களுக்குப் புதிதாகத் தெரியக்கூடாது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனால் அரவங்காடு ஸ்டேஷன் வருகிறதே, அங்கே நூறு வருடத்துக்கும் மேலாகக் கார்டைட் ஃபேக்டரி ஓடுகிறது. கார்டைட் என்றால் என்ன? பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி வருகிற வெடிப்பஞ்சு, அதோடு நைட்ரோகிளிசரின். பழைய சினிமா ஃபிலிம் என்றால் என்ன? அதே பஞ்சு, அதே அமிலம், கொஞ்சம் சாந்தமான அளவில், கூடவே கற்பூரம். ஆமாம், சாமிக்கு ஏற்றுகிற சூடம்தான். பஞ்சும் சூடமும் வளைகிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதன்மேல் வெள்ளி உப்புப் பூச்சு. துப்பாக்கிக்குள் போனால் மருந்து, புரொஜெக்டருக்குள் போனால் பாகவதர்.

அதனால்தான் இந்த ஃபிலிமைக் கிடங்கில் வைக்க லைசென்ஸ் கொடுத்தது வெடிபொருள் துறை. 1948-ல் அதற்கென்று தனி விதிகளே போட்டார்கள்.

என் அப்பா 1958-லிருந்து குன்னூரில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். கேபினுக்குள் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கும், படம் வெளியே போகிற ஓட்டைக்கு மேல் இரும்புக் கதவு ஒன்று. உள்ளே தீப்பிடித்தால் அது தானாக டமாலென்று விழுந்து மூடிக்கொள்ளும். அதாவது ஆடியன்ஸ் தப்பிப்பார்கள். ஆபரேட்டர்? அவர் கதவைத் திறந்து ஓட வேண்டியதுதான். "தீன்னா மணல் வாளியைப் பார்க்காதே, கதவைப் பாரு" என்பார் அப்பா. அவருடைய இடது முன்கையில் புரொஜெக்டர் விளக்கின் கார்பன் பொறி விழுந்த தழும்புகள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். 1897-ல் பாரிஸில் படம் காட்டிய ஒரு தர்மச் சந்தையில் ஃபிலிம் தீப்பிடித்து 120 பேருக்கு மேல் செத்தார்கள், அதிலிருந்தே உலகம் முழுக்க இந்தப் பயம்தான்.

9 ஜனவரி, மதியம்

காலையில் வேகமாக எழுதியதில் ஒரு பிழை. பாரிஸ் விபத்தில் தீ முதலில் பிடித்தது ஃபிலிமில் இல்லை, புரொஜெக்டர் விளக்குக்கு ஊற்றிய ஈதரில். செத்தவர்கள் கணக்கு சரி. ஆனால் பழி ஃபிலிம்மேல் விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஃபிலிம் என்றாலே நைட்ரேட் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தியேட்டரில் ஓடுகிற 35 எம்எம் படங்களுக்குக் கோடாக் 1948-ல் புதுவித அசிடேட்டில் சேஃப்டி ஃபிலிம், அதாவது எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம், கொண்டுவந்தது, 1951 வாக்கில் அவர்களுடைய நைட்ரேட் தயாரிப்பே நின்றுவிட்டது. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது புதுப்படங்கள் எல்லாம் சேஃப்டிதான். மறுவெளியீட்டில் வருகிற ஹரிதாஸ் காலத்துப் பெட்டிகளைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம்.

11 ஜனவரி

"அப்படியானால் ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் செய்ததும் வெடிக்குமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. இந்து நகர் ஃபேக்டரி உற்பத்தியைத் தொடங்கியது 1967-ல், அதற்கு வெகு முன்பே கோடாக் நைட்ரேட்டை விட்டுவிட்டது. அங்கே செய்ததெல்லாம் சேஃப்டி. சினிமாவுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம். சூரிய கிரகணம் பார்க்க நாம் எல்லாரும் கண்ணில் வைத்துக்கொண்டது அந்த எக்ஸ்ரேதான் (வைத்திருக்கக் கூடாது, அது வேறு கதை).

ஃபிலிம் ஃபேக்டரிக்கு ஊட்டி ஏன் என்றால் குளிர், தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர். அங்கே பூச்சுப் பிரிவில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, நாள் முழுக்க இருட்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தால் வெயில் அடிக்கிறதா மழை பெய்கிறதா என்று புரியவே ஐந்து நிமிடம் ஆகும் என்பார். இப்போது ஃபேக்டரியும் இல்லை. ஒரே மலையில் ஒரு பக்கம் வெடிப்பஞ்சு, இன்னொரு பக்கம் படச்சுருள். நடுவில் எத்தனை கிலோமீட்டர், பத்துப் பதினைந்து இருக்குமா? இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதியதாக நான் பார்க்கவில்லை.

12 ஜனவரி

கேத்தி வாசகரின் யோசனை: காப்பகத்தை ஊட்டிக்குக் கொண்டு வந்துவிட்டால் ஏசி செலவு மிச்சம்.

சிரித்தேன், பிறகு யோசித்தேன், பிறகு மறுபடி சிரித்தேன். வெயில்தான் நைட்ரேட்டுக்கு எமன், அதில் சந்தேகமில்லை. கெட்டுப்போன சுருள் 40 டிகிரிச் சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1937 ஜூலையில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் சினிமா கம்பெனிக் கிடங்கு கடும் வெயிலில் அப்படித்தான் பற்றியது, அந்தக் கம்பெனியின் ஊமைப் படங்களில் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் போய்விட்டது. 1978-ல் கோடாக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில், அதுவும் கோடாக்கை நிறுவிய ஈஸ்ட்மன் பெயரில் இருக்கிற காப்பகத்திலேயே 329 படங்கள். 2021 ஜூலையில் பிரேசிலில் சாவ் பாவ்லோ காப்பகத்தின் கிடங்கும் எரிந்தது. நம்மவர்களை மட்டும் திட்டினால் போதாது.

ஆனால் ஊட்டி குளிர்ச்சியே தவிர, உலர்ச்சி இல்லை. ஃபிலிமுக்கு இரண்டும் வேண்டும். ஜூன் ஜூலையில் நம் வீட்டு அலமாரியில் தோல் செருப்பு என்ன ஆகிறது? பச்சைப் பூசணம். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் சேஃப்டி ஃபிலிமும் அழுகும், டப்பாவைத் திறந்தால் காடி நெடி அடிக்கும், ஊறுகாய் கெட்டுப்போன மாதிரி. இந்தக் காடி நோயைப் பற்றி கோடாக் கம்பெனிக்கு முதன்முதலில் புகார் போனது எங்கிருந்து தெரியுமா? இந்திய அரசாங்கத்திடமிருந்து, 1954-ல். அந்தப் புது சேஃப்டி ஃபிலிம் வந்து ஆறே வருடம்.

போகிற போக்கில்: 16 எம்எம் ஃபிலிம் மட்டும் 1923-ல் வந்த நாள் முதலே சேஃப்டி. வீட்டில் குழந்தைகுட்டிகளுக்கு நடுவே ஓட்டுவதற்கென்று செய்தது, அதில் வெடிப்பஞ்சை வைப்பார்களா?

15 ஜனவரி, பொங்கல்

பொங்கலன்று என்ன ஃபிலிம் பேச்சு என்று வீட்டில் திட்டு. பரவாயில்லை.

தீ, தீ என்று இவ்வளவு பேசினோம். தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை தீ தின்றதைவிடப் பழைய சாமான் கடை தின்றது அதிகம் என்பது என் எண்ணம். ஓடி முடித்த பிரதிக்கு மதிப்பு அதில் இருக்கிற வெள்ளிக்கு மட்டும்தான். சுருளை வாங்கி, கழுவி, வெள்ளியைப் பிரித்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. காளிதாஸ் பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பூத்தூவி, வால்டாக்ஸ் ரோட்டில் கினிமா சென்ட்ரல் தியேட்டர்வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். வெடிப்பஞ்சுப் பெட்டிக்கு ஊதுபத்தி! நல்லவேளை, பெட்டி மூடியிருந்தது. அப்படி வரவேற்ற படத்தில் இன்று ஒரு அடிகூட இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்கள் நூற்றுக்கு மேல், அவற்றில் நமக்குக் கிடைத்திருப்பது மார்த்தாண்ட வர்மா ஒன்றுதான். அதுவும் ஒரு புத்தக் கடைக்காரர் வழக்கில் ஜப்தி செய்து வைத்திருந்ததால்.

ஜே.சி. டேனியலின் விகதகுமாரன் கதை இன்னும் மோசம். மலையாளத்தின் முதல் படம், எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துத் தமிழர். அந்தச் சுருளைக் கொளுத்தி விளையாடித் தீர்த்தது அவருடைய சின்ன மகன். நீல நிறத்தில் அழகாக எரிந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார் என்று படித்த ஞாபகம். பையனை என்ன சொல்வது? நாமும் பெட்டிக்கடையில் ஐந்து பைசாவுக்கு எம்ஜிஆர் சிவாஜி ஃபிலிம் துண்டு வாங்கி, ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸாக வைத்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பா வேட்டியில் படம் காட்டியவர்கள்தானே. காட்டி முடித்ததும் கொளுத்தியும் பார்த்தோம்.

15 ஜனவரி, இரவு 11.40

புத்தகக் கடைக்காரர். "புத்தக் கடை" என்று எழுதிவிட்டேன், யாரும் சிலைக் கடை என்று நினைக்க வேண்டாம். நீல நிறம் பற்றிச் சொன்னதையும் விட்டுவிடுங்கள், அது அவர் சொன்னதா என் மனசு சேர்த்ததா என்று உறுதியில்லை. மகன் எரித்தார் என்பது உறுதி.

பையனை என்ன சொல்வது என்று பெரிய மனுஷனாட்டம் எழுதினேன். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

17 ஜனவரி

சரி.

அப்பாவிடம் ஒரு டப்பா இருந்தது. வட்ட டப்பா, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் என் அப்பாயி கொழுந்து பறித்தவர். முசிறிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அங்கே இருந்த கடைசித் துரை சீமைக்குப் போகிறபோது வீட்டைக் காலி செய்ததில் இந்த டப்பா மிஞ்சி, "படம் ஓட்டுறவன் நீதானே, வெச்சுக்கோ" என்று பங்களா பட்லர் அப்பாவிடம் கொடுத்தாராம். துரையே எடுத்த படம். தியேட்டர் மெஷினில் அது ஓடாது, அளவு சின்னது. பல வருடம் சும்மாவே கிடந்தது.

1973 வாக்கில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்ட அரசாங்க வண்டி ஒன்று எஸ்டேட்டுக்கு வந்தது. அந்த வண்டி ஆபரேட்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். குடும்பக் கட்டுப்பாடு முடிந்ததும் எங்கள் டப்பாவை லைன் வீட்டுச் சுவரில் ஓட்டினார். கலர்ப் படம், சத்தம் கிடையாது. தேயிலைச் சரிவு, பனி, மலை ரயில் புகை விட்டுக்கொண்டு போகிறது, எடை போடுகிற இடத்தில் கூடைகள், மேஸ்திரி கணக்கு எழுதுகிறார். வரிசையில் ஒரு பொம்பளை, தலையில் கொங்காணி, திரும்பிப் பார்த்துச் சிரித்து உடனே கையால் வாயை மூடிக்கொள்கிறாள். "ஏய், முத்தாயிடா!" என்று லைனே கத்தியது. முத்தாயி என்றால் என் அப்பாயி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார், வெட்கம். ரீவைண்ட் பண்ணி இரண்டாம் தடவை போட்டார்கள், அப்போதும் வரவில்லை. பத்து நிமிடம் இருக்கும் மொத்தப் படமும். அப்பாயிக்கு வேறு போட்டோகூடக் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் மட்டும்தான்.

அப்பா 1998-ல் இறந்தார். டப்பா என் வீட்டுப் பரணில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில்.

2003 ஜனவரியில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு பேப்பர் படித்தேன், புனே செய்தி. பழைய ஃபிலிம், தானாகவே தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அன்றைக்கு அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. வீட்டில் மகளுக்கு மூன்று வயது. ஓடி வந்து டப்பாவை இறக்கி, சுருளை உருவி வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டு, தூர நின்று தீப்பந்தத்தை வீசினேன். அப்பா சொன்ன மாதிரி முதலில் ஓடுகிற வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

18 ஜனவரி

"எப்படி எரிந்தது?" என்று கேட்கிறீர்கள்.

எரியவில்லை. பந்தம் அணைந்துவிட்டது. இரண்டாவது பந்தம். ஓரம் சுருங்கி உருகியது, கறுப்புப் புகை, பிளாஸ்டிக் நாற்றம், மறுபடி அணைந்தது. பனி ஈரம் என்று நினைத்தேன். கடைசியில் கவாத்து வாதுகளை அள்ளிப் போட்டு, அரை பாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். அப்புறமும் நடுச்சுற்று கட்டியாக, வெல்லப்பாகு மாதிரி மிஞ்சியது. அதை மண்வெட்டியால் புதைத்தேன்.

18 ஜனவரி, இரவு

கேத்தி வாசகர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "தியேட்டர் மெஷினில் ஓடாத சின்ன அளவு என்றால் 16 எம்எம்தானே? 12-ஆம் தேதி நீங்களே எழுதினீர்களே."

ஆமாம். நானேதான் எழுதினேன். அந்த விவரம் பத்து வருடமாக எனக்குத் தெரியும். பந்தம் அணைந்தது இருபது வருடமாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அல்லது வைக்கப் பிடிக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே எரியும் என்று எந்த ஃபிலிமைப் பார்த்துப் பயந்தேனோ அதற்கு நான் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

22 ஜனவரி

அக்காவுக்குப் போன் போட்டேன். எலி இல்லை, நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியும்டா, எலி கடிச்சா டப்பா எப்படி கருகும்" என்றாள். டப்பா அவளிடம் இருக்கிறதாம்! நான் அதைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பொங்கலுக்கு வந்தவள் எடுத்துக் கழுவி ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொன்னாள். படத்தில் சிரித்தது அப்பாயி கிடையாதாம், மேஸ்திரி பெண்டாட்டியாம். லைன்காரர்கள் கத்தியது கேலிக்காம், அதனால்தான் அப்பாயி கோபித்துக்கொண்டு உள்ளே போனாராம். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள், பதினோரு வயசுக்காரிக்கு ஏழு வயசுக்காரனைவிட ஞாபகம் இருக்கும்தான். ஆனால் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, அப்பாயிக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது, அந்தக் கை வாயை மூடுகிற விதம் அவருடையதுதான். அக்காவோ மூக்குத்தி வலப்பக்கம் இருந்தது, அப்பாயிக்கு இடப்பக்கம் என்கிறாள். ஃபிலிமைத் திருப்பி மாட்டினால் வலது இடதாகும் என்றேன். அப்படியானால் ரயில் பின்னாலேயா போச்சு என்கிறாள். அப்படி ஆகாது, பக்கம்தான் மாறும் என்று விளக்கினேன், கேட்கவில்லை. அரை மணி நேரம் சண்டை. படம் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

29 ஜனவரி

கோத்தகிரி போய் வந்தேன். டப்பா அங்கேதான், பழைய தையல் மெஷின் மேல். கரியும் துருவுமாக இருந்த மூடியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கோடாக் என்று பாதி தெரிந்தது. கீழே சின்ன ஆங்கில எழுத்தில், சேஃப்டி ஃபிலிம்.

கேட்டவர்களுக்காக ஒன்று: உங்கள் வீட்டில் இந்த மாதிரி டப்பா இருந்தால் முதலில் மூடியைப் படியுங்கள். பிறகு ஃபிலிமின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சேஃப்டி என்றோ நைட்ரேட் என்றோ அதிலேயே பெரும்பாலும் அச்சடித்திருக்கும். காடி நெடி அடித்தால் அது அசிடேட், வீட்டைக் கொளுத்தாது, சீக்கிரம் நகல் எடுக்க வேண்டும். 35 எம்எம்மாக இருந்து, பிசுபிசுத்து, தேன் நிறத்தில் நுரைத்திருந்தால் கை வைக்காமல், வீட்டில் வைக்காமல், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்க வேண்டாம்.

டப்பாவைக் கேட்டேன். அக்கா தரமாட்டாளாம். ஊசி நூல் வைக்க இதே அளவில் இன்னொன்று வாங்கி வந்தால் யோசிப்பாளாம். ஊட்டி மார்க்கெட்டில் இரண்டு கடை பார்த்துவிட்டேன், பிஸ்கட் டப்பாதான் கிடைக்கிறது, அது சதுரம்.